தாயத்தின் வரலாறு

எண்களை நிரைகளாகவும் நிரல்களாகவும் அடுக்கிக் கணித்தல் தொன்மையான முறையாகும். ஹான் மரபினர் காலச் சீனக் கணித நூலான 'ஒன்பது அத்தியாயங்கள்', எட்டாம் அத்தியாயத்தில் மூன்று தரத் தானியக் கட்டுகளின் விளைவை வினவுகின்றது. சீனர் எண்ணுக்குச்சிகளை நிரல்களாக வைத்து, ஒரு நிரலின் மடங்கை மற்றொன்றிலிருந்து கழித்துத் தெரியாக் கணியங்களை நீக்கினர். ஆயினும் அங்கு அவ்வடுக்கு விடைகாணும் வழியாகவே அமைந்தது.

ஐரோப்பாவிலோ துணிகோவையே முதலில் வளர்ச்சியுற்றது. துணிகோவைகள் பிறக்கும் எண்ணடுக்கிற்கு, 1850இல் சில்வெஸ்டர் கருப்பை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லைப் பெயராக இட்டார். தமிழில் நாம் தாயம் என்பது அதனையே. அவருடைய நண்பர் கேய்லி, 1858இல் முழு அடுக்கையும் ஒற்றை எழுத்தாற் குறித்து, கூட்டல், பெருக்கல் விதிகளை வகுத்தார். வழி பொருளாயிற்று. 1925இல் ஹைசன்பேர்க் அறியாமலே கையாண்ட பெருக்கலைத் தாயப் பெருக்கலென மக்ஸ் போர்ன் இனங்காண முடிந்தமைக்கு இதுவே காரணம் எனலாம்.

1970களின் பிற்பகுதியில் கிளீவ் மோலர், மாணவர் போர்ட்ரான் செய்நிரல் எழுதாமலே தாயங்களைக் கையாளும் பொருட்டு மட்லாப்பை ஆக்கினார். எண்களை நிரைநிரையாகத் தட்டச்சிட்டு ஓரெழுத்துப் பெயரிடின் தாயம் உருவாகும். அப்பெயரைத் தட்டச்சிடின் முழுவதும் தோன்றும். நிரையெண்ணும் நிரலெண்ணும் கொடுப்பின் உரிய மூலகம் தோன்றும். கணினி ஏற்ற அவ்வோரெழுத்து, கேய்லி வகுத்த எண்ணக்கருவின் வழிவந்ததாகும். கருவிக்கு முன்னர் கருத்துப் பிறத்தல் வேண்டும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.