டியூட்டீரியம்

கிரேக்க பாஷையில் 'இரண்டாவது' என்று பொருள்படும் 'டியூட்டெரோஸ்' என்னும் பதத்தினின்று பிறந்த இப்பெயரை, 1931-இல் கன ஹைட்ரஜனைக் கண்டறிந்த அமெரிக்க ரசாயன விஞ்ஞானி ஹரால்டு யூரே, தம் சகாக்களுடன் சேர்ந்து 1933-இல் முன்மொழிந்தார். தமிழில் உபாகமம் என வழங்கும் வேதாகமப் புத்தகத்தின் கிரேக்கப் பெயரிலும் இதே வேர்தான் இருக்கிறது. அணுக்கருவில் புரோட்டானோடு ஒரு நியூட்ரானும் சேர, நிறை இரண்டாகிறது. எவ்வளவு பொருத்தமான பெயர்!

இன்று இச்சொல் மருந்தாராய்ச்சிக் கூடங்களில் நித்தியம் புழங்குகிறது. இருதயத் துடிப்பின் லயத்தைச் சீராக்கும் டோஃபெட்டிலைடு என்ற ஔஷதம், அளவு மிகுந்தால் அதே லயத்தை அபாயகரமாகக் குலைத்துவிடக் கூடியதாகையால், ரத்தத்தில் அது எவ்வளவு உள்ளதென நுட்பமாக அறியும்பொருட்டு, நான்கு ஹைட்ரஜன் அணுக்களின் ஸ்தானத்தில் டியூட்டீரியம் ஏற்றப்பெற்ற 'டோஃபெட்டிலைடு-டி4' என்பதைத் தெரிந்த அளவில் ரத்த மாதிரியிலே கலக்கிறார்கள். பிரித்தெடுக்கையில் நேரும் நஷ்டம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. நிறை நிறமாலைக் கருவியிலோ நான்கு அலகு இடைவெளியில் இரண்டும் தனித்தனியே தெரிகின்றன. அவற்றின் விகிதத்திலிருந்து உண்மை அளவு கிடைத்துவிடுகிறது. புட்டியின் சீட்டில் அந்த 'டி4' என்ற சிறு வாலைக் காணும்போதெல்லாம், உடன்பிறந்தானைக் கொண்டே ஒருவனை அடையாளம் காணும் இந்த யுக்தி எனக்கு அளவிலா வியப்பைத் தருகிறது.