வால் மெலிந்த பல்லி

ஆங்கிலத்தில் லெப்பர்ட் கெக்கோ எனப்படும் உயிரினத்தை நாம் இங்கே சிறுத்தைப் பல்லி என்று அழைத்துக்கொள்வோம். நம் வீட்டுச் சுவரில் திரியும் பல்லியோடு ஒப்பிட்டால் சில வேறுபாடுகள் உடனே புலப்படும். இதற்கு இமைகள் உண்டு. கண்ணை மூடித் தூங்கும். விரல்களில் ஒட்டும் பட்டைகள் இல்லாததால் சுவரேற இயலாது, தரையில்தான் வாழ்க்கை. எல்லாவற்றிலும் முக்கியமானது வால். கணுக்கணுவாகத் திரண்ட அந்த வால் ஒரு பத்தாயம். நல்ல காலத்தில் தின்றதன் மிச்சம் அங்கே கொழுப்பாகச் சேர்கிறது. இரை கிடைக்காத காலத்தில் அதிலிருந்தே செலவு நடக்கிறது. நலமான பல்லியின் வால் ஏறக்குறைய அதன் கழுத்தளவு பருத்திருக்கும். வளர்ந்த பல்லியின் எடை பெரும்பாலும் 45 முதல் 80 கிராம் வரை இருக்கும். வால் குச்சியாகி, இடுப்பெலும்பும் துருத்தத் தொடங்கிவிட்டால் பத்தாயம் காலியாகிவிட்டதென்று பொருள்.

அந்நிலையில் வளர்ப்பவருக்கு முதலில் தோன்றுவது எப்படியாவது ஊட்டிவிட வேண்டும் என்பதுதான். இயல்பான இரக்கம் அது. அந்த இரக்கமே எத்தனையோ பல்லிகளின் உயிரைக் குடித்திருக்கிறது. மெலிந்த பல்லி என்றால் பசித்த பல்லி என்ற எளிய கணக்கு பிழையானது என்று தெரிந்துகொள்ள மனிதருக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. அதைத் தெரிவித்தவர்களில் பெரும்பாலோர் சிறுத்தைப் பல்லியை மனத்தில் நினைத்தவர்களே அல்லர் என்பதுதான் இந்த வரலாற்றின் சுவை.

இப்பல்லியின் பேரினத்துக்கு யூப்லெஃபாரிஸ் என்று 1827-இல் பெயரிட்டவர் ஜான் எட்வர்ட் கிரே. 'நல்ல இமை' என்று அந்தக் கிரேக்கச் சொல்லைப் பெயர்க்கலாம். நாம் பேசிக்கொண்டிருக்கும் இனத்தை 1854-இல் முதன்முதலாக அறிவியல் உலகுக்கு விவரித்தவர் கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் அருங்காட்சியகக் காப்பாளராக இருந்த எட்வர்ட் பிளைத். பஞ்சாபின் உப்பு மலைத்தொடரைச் சேர்ந்தது அந்தப் பல்லி. இன்று அம்மலை பாகிஸ்தானில் இருக்கிறது. பிளைத் சாதாரண மனிதர் அல்லர். டார்வினுக்கு இந்திய உயிரினங்களைப் பற்றிக் கடிதம் கடிதமாக எழுதி உதவியவர். ஆயினும் அக்கால இயற்கையியலின் வேலை பெயரிடுவதும் செதிலெண்ணுவதும்தான். கோடையில் கொதித்துக் குளிரில் உறையும் அந்தப் பாறை நிலத்தில் அது எவ்வாறு உயிர் வாழ்கிறது, குளிர்மாதங்களில் உண்ணாமல் வாலை நம்பி எப்படிக் காலம் தள்ளுகிறது என்பதெல்லாம் அருங்காட்சியகத்தின் கேள்விகளாக இருக்கவில்லை. சாராயப் புட்டியில் இருக்கும் பல்லி மெலிவதில்லை அல்லவா?

உயிரோடு வைத்திருப்பவர்களுக்குத்தான் அந்தச் சிக்கல் வந்தது. ஊர்வனவற்றுக்கென்றே உலகில் முதன்முதலாக ஒரு கூடத்தை 1849-இல் திறந்தது லண்டன் மிருகக்காட்சிச் சாலை. ஆனால் வளர்ப்பு விலங்குகளின் உணவைப் பற்றிய பெரிய பாடம் அங்கே பாம்புகளிடமிருந்தோ பல்லிகளிடமிருந்தோ வரவில்லை, சிங்கக்குட்டிகளிடமிருந்து வந்தது. கொழுப்பற்ற குதிரை இறைச்சியைத் தின்று வளர்ந்த குட்டிகள் எலும்பு வளைந்து மடிந்துகொண்டிருந்தன. வயிறு நிறையத்தான் தின்றன. அறுவை மருத்துவர் ஜான் பிளாண்ட்-சட்டன், நொறுக்கிய எலும்பும் பாலும் காட் மீனின் ஈரல் எண்ணெயும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார், குட்டிகள் தேறின. இது 1889-இல் நடந்தது. ஏன் தேறின என்பதற்கு விடை கிடைக்க மேலும் முப்பதாண்டுகள் ஆயின. 1919-இல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி புற ஊதாக் கதிர்களைப் பாய்ச்சிக் குழந்தைகளின் எலும்பு நோயைக் குணப்படுத்தினார். 1922-இல் அமெரிக்காவில் எல்மர் மெக்கொல்லம் ஈரல் எண்ணெயில் மறைந்திருந்த பொருளுக்கு வைட்டமின் டி என்று பெயரிட்டார். உணவு, ஒளி என்று தனித்தனியாக நினைத்திருந்த இரண்டும் ஒரே கதவின் இரு தாழ்ப்பாள்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

இதையெல்லாம் ஊர்வனவற்றின் பக்கம் திருப்பியவர்களில் நம் மனத்தைக் கவர்பவர் ஜோன் ப்ராக்டர். 1923-இல் லண்டன் மிருகக்காட்சிச் சாலையின் ஊர்வனப் பிரிவுக்குக் காப்பாளரானார். சிறுவயதிலிருந்தே தீராத நோயோடு வாழ்ந்தவர். 1931-இல், 34 வயதில் இறந்துபோனார். அவர் திட்டமிட்டு 1927-இல் திறக்கப்பட்ட ஊர்வனக் கூடத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் அதற்கேற்ற மின்வெப்பம் இருந்தது. சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும் புற ஊதாக் கதிரை உள்ளே விடும் தனிவகைக் கண்ணாடியும் இருந்தது. கொமோடோ டிராகனைத் தட்டிக்கொடுத்து அழைத்துச் செல்லும் பெண்மணி என்றுதான் அன்றைய பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. நமக்கென்னவோ அந்த வெப்பக் கம்பிகளே பெரிய சாதனையாகப் படுகின்றன. ஒரு விலங்கின் உடல்நலம் அதன் இரைத்தட்டில் மட்டும் இல்லை, அது கிடக்கும் இடத்திலும் இருக்கிறது என்பதைக் கட்டடமாகவே எழுப்பிக் காட்டியவர் அவர்.

அந்த வெப்பம் என்ன செய்கிறது என்பதைத் தெளிவாக்கிய ஆய்வு 1944-இல் வந்தது. ரேமண்ட் கௌல்ஸும் சார்ல்ஸ் போகர்ட்டும் தென் கலிஃபோர்னியப் பாலைவனத்துப் பல்லிகளின் உடல் வெப்பத்தை அளந்தார்கள். குளிர்ந்த இரத்தப் பிராணி என்று ஏளனமாகச் சொல்லப்பட்ட அவை, வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறி நகர்ந்து தமக்கு வேண்டிய வெப்பத்தை வியப்பூட்டும் துல்லியத்தோடு காத்துக்கொண்டன. அப்படி நகர இடமில்லாத ஒரு பெட்டிக்குள் பல்லியை அடைத்தால்? அதன் செரிமானத்தையே நாம் அடைத்துவிடுகிறோம். வயிற்றில் இரை இருக்கும். அதைக் கரைக்கும் சூடு இருக்காது. கக்கும், அல்லது உண்ண மறுக்கும். சிறுத்தைப் பல்லி இரவு நடமாடி. வெயில் காயாமல், பகலில் சூடேறிய பாறையின் கீழ் வயிறு பதித்துக் கிடந்து வெப்பம் பெறும். ஆகவே பெட்டியின் ஒரு பக்கத்தில் தரை 32 டிகிரி செல்சியஸ் அளவிலும் மறுபக்கம் 25 டிகிரி அளவிலும் இருக்கவேண்டும் என்கிறார்கள். மெலிந்துவிட்ட ஒன்றுக்கு முதல் மருந்து வெப்பமானிதான்.

1970களில் அமெரிக்காவில் இப்பல்லியைக் கூட்டிலேயே இனப்பெருக்கம் செய்வது பரவியது. அடக்கமான குணம், எளிதாக முட்டையிடும் இயல்பு, சிறிய இடத்திலும் வாழ்வது ஆகிய நற்குணங்களே அதற்கு வினையாயின. அடுக்கடுக்கான இழுப்பறைகளில் நூற்றுக்கணக்கில் வளர்த்தார்கள். இரை, கடையில் வாங்கும் சில்வண்டும் மாவுப்புழுவும். இவற்றில் சுண்ணாம்புச் சத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். இதையே தின்றுவரும் பல்லி தன் எலும்பையே கரைத்துச் செலவழிக்கிறது. தாடை மென்மையாகிக் கடிக்க முடியாமல் போக, அதனாலேயே மேலும் மெலிகிறது. பூச்சிக்குச் சுண்ணாம்பு மிகுந்த தீனியை முன்கூட்டியே கொடுத்து, அதன் வயிற்றின் வழியாகப் பல்லிக்குச் சத்தைச் சேர்க்கலாம் என்பதை மேரி ஆலனும் ஓலாவ் ஆஃப்டடாலும் 1989-இல் காட்டினார்கள். இரவு நடமாடிக்கு ஒளி எதற்கு என்ற வாதம் மட்டும் நெடுங்காலம் ஓயவில்லை. நாள்தோறும் இரண்டு மணிநேரம் புற ஊதா ஒளியில் வைக்கப்பட்ட சிறுத்தைப் பல்லிகளின் இரத்தத்தில் வைட்டமின் டி உயர்ந்ததென்று 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று சொன்ன பிறகே வாதத்தின் சூடு தணிந்தது.

இத்தனையும் சரியாக இருந்தும் மெலியும் பல்லிகள் உண்டு. 1907-இல் எர்னஸ்ட் டைசர் எலிகளின் இரைப்பையில் ஒரு நுண்ணுயிரைக் கண்டு கிரிப்டோஸ்போரிடியம் என்று பெயரிட்டார். பல பதிற்றாண்டுகள் அது ஓர் அறிவியல் விந்தையாகவே கிடந்தது. பின்னர் பாம்புகளில், அதன் பின் பல்லிகளில் தென்பட்டது. சிறுத்தைப் பல்லிகளின் குடல் சுவர் தடித்து வீங்குவதற்கும் இதற்குமுள்ள தொடர்பை 2003-இல் வெளியான ஆய்வு எடுத்துரைத்தது. இரை உள்ளே போகும். சத்து உடலில் சேராது. 'குச்சிவால் நோய்' என்று வளர்ப்பவர்கள் தங்களுக்குள் அழைத்துவந்ததன் பின்னால் பல வேளை இருந்தது இதுவே. சாதாரணக் குளோரின் கரைசலுக்கு இதன் முட்டைகள் அழிவதில்லை. பாரோமோமைசின் போன்ற மருந்துகள் தணிக்கின்றன. முற்றாகக் குணமாகும் என்று எவரும் உறுதி சொல்வதில்லை. ஓர் இழுப்பறையிலிருந்து மறு இழுப்பறைக்கு ஒரே இடுக்கியால் புழு போட்டவர்கள், தங்கள் கைப்பட நோயையும் பரிமாறினார்கள். நோய் உறுதியான பல்லியைக் கருணைக்கொலை செய்வதா, தனியே வைத்து இருக்கும் நாள்வரை காப்பதா என்ற கேள்விக்கு இன்றும் மருத்துவர்களிடையே ஒரே விடை இல்லை. தன்னிடம் இருப்பது ஒற்றைப் பல்லிதான் என்பவருக்கும், நூறு பல்லிகளை வைத்திருப்பவருக்கும் விடை ஒன்றாக இருக்கவும் முடியாது.

இன்று விவரமறிந்த மருத்துவரிடம் மெலிந்த பல்லியைக் கொண்டுபோனால் அவர் செய்யும் காரியங்களின் வரிசையில் இந்த வரலாறு அப்படியே படிந்திருப்பதைக் காணலாம். எடை பார்ப்பார், பெட்டியின் வெப்பத்தையும் விளக்கையும் பற்றிக் கேட்பார், கழிவைச் சோதனைக்கு அனுப்புவார், நீர்ச்சத்தை மீட்பார். உணவு அதன் பிறகுதான், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. 1945-இல் போர் முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பலர், திடீரென்று கிடைத்த முழு உணவைத் தாங்காமல் இறந்ததை மருத்துவர்கள் கண்டார்கள். பட்டினியில் வற்றிய உடலுக்குள் உணவு வெள்ளமாய்ப் பாயும்போது இரத்தத்தின் பாஸ்பரஸ் சட்டென்று சரிகிறது. மனிதத் துயரிலிருந்து கிடைத்த அந்த அறிவு, ஐம்பது கிராம் உயிருக்கும் பொருந்துகிறது. மெழுகுப்புழுவைக் கண்டால் நோயுற்ற பல்லிகூட ஆவலோடு வாய் திறக்கும். ஆனால் அது வெறும் கொழுப்பு. அதற்குப் பழகிய பல்லி பிறகு வேறெதையும் தொடாமல் முகம் திருப்பிக்கொள்ளும். (இனிப்பு தின்று சோற்றை மறுக்கும் குழந்தையை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.)

தேறும் பல்லியில் மாற்றம் வாலில் முதலில் தெரிவதில்லை. சமையலறைத் தராசில் வாரத்துக்கு ஓரிரு கிராம் ஏறும், கண் தெளியும், மாலையில் மறைவிடத்திலிருந்து தானாக வெளியே வரும். வால் கடைசியில்தான் பருக்கத் தொடங்கும். மிரண்டு வாலை உதிர்த்துவிட்ட பல்லிக்குப் புதிய வால் முளைக்கும்போது பழைய கணுக்கள் திரும்ப வருவதில்லை. சிவப்பு முள்ளங்கி போல மழமழவென்று, புள்ளிகள் இடம் மாறி, கட்டையாக வளரும். அந்த வாலிலும் கொழுப்பு சேர்கிறது.