மிளகுக் கிடங்கும் சம்பளக் கணக்கும்

1996இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் கார் நிறுவனம் தன் ஊழியர் சம்பளத்தை எல்லாம் ஒரே மென்பொருளில் கொண்டுவர முயன்று திணறிக்கொண்டிருந்தது. திட்டத்தின் சுருக்கப் பெயர் சி3. ஸ்மால்டாக் மொழியில் எழுதிய நிரல். வேகம் போதவில்லை என்று மென்பொருள் வல்லுநர் கென்ட் பெக்கை அழைத்தார்கள். வேகத்தைவிடப் பெரிய சிக்கல்கள் இருப்பதைக் கண்ட அவர், ரான் ஜெஃப்ரிஸைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு வேலையை ஏறக்குறைய முதலிலிருந்து தொடங்கினார்.

ஒரே திரைக்கு முன்னால் இரண்டு பேர். முதலில் நிரலைச் சோதிக்கும் டெஸ்ட், பிறகுதான் நிரல். சம்பளக் கணக்கு தெரிந்தவரும் அதே அறையில். வாரத்துக்கு 40 மணி நேரம்தான் வேலை. 1997இல் சுமார் 10,000 பேருக்கு அந்த மென்பொருள் சம்பளம் போட்டது. 1999இல் பெக்கின் புத்தகம் வந்ததும் இந்த முறைக்கான எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற பெயர் உலகெங்கும் பரவியது. பேசிக்கொள்வது, எளிமை, உடனுக்குடன் மறுமொழி, துணிவு என்ற நான்கையும் அவர் அடித்தளமாக வைத்தார். 2004இல் வந்த இரண்டாம் பதிப்பில் மரியாதையையும் சேர்த்தார். 2000இல் சி3 நிறுத்தப்பட்டது. அதைக் காட்டி இந்த முறையையே தள்ளுவோர் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

கொச்சியின் மட்டாஞ்சேரிக்காரியான எனக்கு, உடனுக்குடன் மறுமொழி கிடைக்கும் இந்த முறை அந்நியமானதும் அல்ல. யூதத் தெருவில் உள்ள மிளகு வணிகர் சங்கத்தில் 1957 முதல் முன்பேர வணிகம் நடந்தது. விலையைக் கூவினால், எதிரில் நிற்பவரிடமிருந்து அந்த நிமிடமே பதில் வரும்.

இங்கே ஒரு மிளகுக் கிடங்குக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் எழுதியபோது, கணக்குப்பிள்ளையை, ஒரே திரைக்கு முன்னால் இருந்த எனக்கும் என் கூட்டாளிக்கும் நடுவில் உட்காரவைத்தோம். உள்ளே வந்த எடைக்கும் வெளியே போன எடைக்கும் வித்தியாசம் இருந்தால் பிழை என்று சிவப்பில் காட்டும்படி டெஸ்ட் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் திரையைப் பார்த்தார். "மோளே, மிளகு காயும். எடை குறையத்தான் செய்யும். இதைத் திருட்டுன்னா எழுதுவே?" என்றார். அந்த டெஸ்டை அங்கேயே அழித்தோம். ஈரப்பதத்துக்கு ஏற்ப எவ்வளவு குறையலாம் என்று அவர் சொல்லச் சொல்ல, புதிய டெஸ்டுகளை எழுதினோம். அவர் மட்டும் அன்று அங்கே இல்லாதிருந்தால், கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள் மீது மாதாமாதம் பழி விழுந்திருக்கும்.

டெஸ்ட் எழுதுவதும், எழுதியதை அன்றன்றே ஒன்றுசேர்ப்பதும் இன்று பல அலுவலகங்களில் சாதாரணமாகிவிட்டன. 40 மணி நேரம் மட்டும் எங்கேயோ விட்டுப்போயிற்று. இரவு பதினோரு மணிக்குக் களைத்த கண்ணோடு உட்கார்ந்திருப்பவர் எளிமையாக எழுத மாட்டார். தப்பைச் சொல்லும் துணிவும் அவருக்கு வராது. குழு நடத்துகிறவர்களே, மற்றதையெல்லாம் எடுத்துக்கொண்டீர்கள், அந்த 40 மணி நேரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.