நேர்முகப் பரீட்சைக்கு ஒரு கோட்: மலிவு விலையின் வரலாறு

வேலைவாய்ப்பு விளம்பரங்களில் கல்வித் தகைமை இருக்கும், வயதெல்லை இருக்கும், சம்பள அளவுத்திட்டமும் இருக்கும். உடுப்பைப் பற்றி ஒரு வரி இருக்காது. ஆனால் நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்த அன்றே வீட்டில் தொடங்கும் கதை அதுதான். கோட் போடவேணுமோ, ரை காணுமோ, போன கலியாணத்துக்கு வாங்கின சப்பாத்து இன்னும் கிடக்கோ? கொழும்பில் வங்கியிலோ கணக்காய்வு நிறுவனத்திலோ வேலை தேடுகிற பிள்ளைக்கு, முதல் சம்பளம் வருவதற்கு முந்தியே அதில் ஒரு பங்கு உடுப்புக் கடைக்குப் போய்விடுகிறது. யாரும் அச்சடிக்காத நுழைவுக் கட்டணம் இது.

இந்தக் கட்டணத்தை யார் கட்டுவது என்ற கேள்வி புதிசில்லை. கோட்டும் சப்பாத்தும் மலிவான கதையைத் தேடிப் போனால், ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தக் கேள்விதான் நிற்கிறது. அதை இங்கே கொஞ்சம் பார்ப்போம். கடைசியில், கையில் கொஞ்சக் காசோடு கடைக்குப் போகிறவர் எதைப் பார்த்து வாங்கவேணும் என்றும் சொல்லுகிறோம்.

எங்கள் வாயில் இருக்கிற வரலாறு

முதலில் எங்கள் சொற்களையே பாருங்கோ. சப்பாத்து போர்த்துக்கேயச் சொல்; அவர்கள் மொழியில் சப்பாத்து. களிசானும் போர்த்துக்கேயர் விட்டுப்போனதுதான். அந்தக் களிசானையும் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு போகிற கந்தோர் ஒல்லாந்தருடைய கந்தோர். உடுப்பும் உத்தியோகமும் ஆட்சியோடு சேர்ந்தே கரையிறங்கின என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

பிரித்தானியர் காலத்து யாழ்ப்பாணத்துப் பழைய படங்களில் ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் ஒரு நடுவழி எடுத்து நிற்பதைக் காணலாம்: கீழே வேட்டி, மேலே கோட், தலையில் தலைப்பாகை. முழு உடுப்பையும் வாங்கத் தேவையில்லை, முழுதாக மாறவும் தேவையில்லை.

ஆனால் இதே யாழ்ப்பாணத்தில் ஒரு பகுதி மக்களுக்கு அந்தத் தெரிவே இருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் மேற்சட்டை போடக்கூடாது, தோளில் சால்வை போடக்கூடாது, செருப்போடு தெருவால் போகக்கூடாது என்ற கட்டுப்பாடுகள் ஊர்வழமையாக இருந்தன. மீறினவர்கள் அடிபட்டார்கள். காசு இருந்தாலும் சப்பாத்து வாங்கி அதைப் போட்டு நடக்க ஏலாத காலம் அது. எங்கள் ஊரில் உடுப்பின் வரலாறு விலையில் தொடங்கவில்லை; அனுமதியில் தொடங்கியது.

லீட்ஸ் நகரத்துக் கோட்

இனி விலைக்கு வருவோம். கோட் என்ற உடுப்பே ஒரு சிக்கன நடவடிக்கையாகப் பிறந்தது. 1666 ஒக்டோபரில், லண்டன் பெருந்தீ அணைந்து ஒரு மாதத்தில், இரண்டாம் சாள்ஸ் அரசர் தன்னுடைய உடுப்பை மாற்றி ஒரு நீண்ட உட்சட்டை அணியப் போவதாக அறிவித்தார். பிரபுக்களுக்குச் சிக்கனம் பழக்குவதற்காக என்று சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் குறித்து வைத்திருக்கிறார். கோட், உட்சட்டை, காற்சட்டை என்ற மூன்றும் சேர்ந்த உடுப்பின் தொடக்கம் என்று இதைத்தான் சொல்லுவார்கள்.

சிக்கனம் அரசவையோடு நின்றுவிட்டது. அடுத்த இருநூறு வருசத்துக்கு நல்ல கோட் என்றால் தையல்காரர் அளவெடுத்துக் கையால் தைக்கிற கோட்தான். 1888இல் சட்டம் படிக்க லண்டன் போன காந்தி, அங்கே பொண்ட் தெருவில் ஒரு மாலைநேர உடுப்புக்கு 10 பவுண் கொடுத்ததாகத் தன் சுயசரிதையில் எழுதுகிறார். ஊரிலிருந்து கொண்டுபோன உடுப்பு அங்கத்தைய சபைக்குப் பொருந்தாது என்ற பயம்தான் காரணம். அந்தப் பயத்தை எங்களில் கனபேருக்குத் தெரியும்.

விலையை உடைத்தது தையல் இயந்திரமும், ஆலையில் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்த முறையும். இதில் பெரிய பெயர் மொண்டேக் பேர்ட்டன். லித்துவேனியாவில் 1885இல் பிறந்த யூதர். 1900இல், பதினைந்து வயதளவில், தனியாக இங்கிலாந்து வந்தவர். லீட்ஸ் நகரத்தில் அவர் கட்டின ஆலையில் பத்தாயிரம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள். கடையில் அளவெடுப்பார்கள், அளவு ஆலைக்குப் போகும், தைத்த கோட் திரும்பி வரும். 1939 ஆகும்போது 500க்கு மேற்பட்ட கடைகள். அதே லீட்ஸில் இன்னொரு நிறுவனம் 'ஐம்பது சிலிங் தையல்காரர்' என்று விலையையே பெயராக வைத்துக்கொண்டது. சுரங்கத் தொழிலாளியும் ஞாயிற்றுக்கிழமை கோட்டோடு வெளியே போகத் தொடங்கினான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது நடந்தது இன்னும் கவனிக்கவேண்டியது. படையிலிருந்து விடுபட்டு வேலை தேடப்போகிற ஒவ்வொரு ஆணுக்கும் பிரித்தானிய அரசு ஒரு கோட் சூட், சேட், ரை, சப்பாத்து, தொப்பி, மழைக்கோட் என்று ஒரு தொகுதி கொடுத்தது. எல்லாம் ஒரே மாதிரி இருக்குதென்று பகிடியும் பண்ணினார்கள். ஆனால் அதில் ஒரு ஒப்புதல் இருக்கிறது: வேலைக்குப் போக உடுப்பு வேண்டும் என்றால், அந்தச் செலவை வேலையில்லாதவன் தலையில் மட்டும் கட்டக்கூடாது.

சப்பாத்து மலிந்த கதை

சப்பாத்தில் கஷ்டமான வேலை, மேல்தோலை இழுத்து அச்சின் மேல் மடித்துப் பிடிப்பது. கைதேர்ந்த ஒருவர் நாளைக்கு 50 சோடி செய்வார். தென்னமெரிக்காவின் சுரினாமில் பிறந்து, அமெரிக்காவின் லின் நகரத்துச் சப்பாத்து ஆலைக்கு வேலைக்கு வந்த கறுப்பின இளைஞர் யான் மட்செலிகர், இதற்கு ஒரு இயந்திரம் செய்தார். 1883இல் காப்புரிமை கிடைத்தது. அவருடைய இயந்திரம் நாளைக்கு 700 சோடி வரைக்கும் செய்தது. சப்பாத்து விலை பாதியளவுக்கு இறங்கியது. அவரோ 1889இல், நாற்பது வயதும் ஆகாமல், காசநோயில் இறந்துபோனார்.

அடுத்தது செக் நாட்டு ஸ்லின் நகரம். தோமஸ் பாட்டா 1894இல் தொடங்கின நிறுவனம், 1922 பொருளாதார நெருக்கடியில் சப்பாத்து விலையைப் பாதியாக வெட்டியது. கடைகளில் சனம் முண்டியடித்தது. அதே நேரம் ஆலைத் தொழிலாளரின் சம்பளமும் வெட்டப்பட்டது. ஈடாகச் சாப்பாடும் பொருளும் மலிவு விலையில் கொடுத்தார்கள். அந்த நிறுவனம் எங்கள் நாட்டுக்குள் எவ்வளவு ஆழமாக வந்தது என்றால், யாழ்ப்பாணத்தில் றப்பர் செருப்புக்குப் பெயரே பாட்டாதான்.

மலிவு என்பது மந்திரமில்லை. யாரோ ஒருவருடைய கண்டுபிடிப்பும், யாரோ ஒருவருடைய குறைந்த சம்பளமும் அதற்குள் இருக்கிறது.

கழற்றியவரும் போட்டவரும்

1905இல் ஆனந்த குமாரசுவாமி 'இரவல் இறகுகள்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். இலங்கையர் தங்கள் உடையை விட்டு ஐரோப்பிய உடையைப் பார்த்துப் போடுவதைக் கண்டித்து எழுதினது. 1920களில் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசும் தேசிய உடையைப் பேசியது. அவர்கள் அழைத்து 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்தபோது, பொண்ட் தெருக் கோட் அவரிடம் இல்லை. 1921 செப்டெம்பரில் மதுரையில் அரைவேட்டிக்கு மாறியிருந்தார்.

இன்னொரு பக்கம் அம்பேத்கர். அவரும் லண்டனில் படித்தவர். ஆனால் அவர் கோட்டைக் கழற்றவில்லை. நல்ல உடுப்பு உடுத்தினதற்காகவே அடிவாங்கின சனத்தில் பிறந்தவருக்கு, கோட்டும் ரையும் சப்பாத்தும் அடிமைத்தனமாகத் தெரியவில்லை. இந்தியா முழுக்க அவருடைய சிலைகள் நீலக் கோட்டோடு நிற்பதற்குக் காரணம் உண்டு. காந்தி கழற்றினதிலும் நியாயம் இருக்கிறது, அம்பேத்கர் போட்டதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் ஊரில் சால்வை போடவும் செருப்புப் போடவும் அடிபட்டவர்களை நினைத்தால், "உதெல்லாம் வெள்ளைக்காரன்ர உடுப்பு" என்று சொல்லிவிட்டுக் கடந்துபோக எங்களுக்கு மனம் வருகுதில்லை.

தைக்கிறது நாங்கள், வாங்க ஏலாததும் நாங்கள்

1977க்குப் பிறகு பொருளாதாரம் திறக்கப்பட்டது. 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. 1992இல் பிரேமதாச அரசு கிராமங்களுக்கு 200 ஆடைத்தொழிற்சாலைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. போருக்குப் பிறகு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும்கூட ஆலைகள் வந்தன. உலகத்துக்கே உடுப்புத் தைக்கிற நாட்டில், அதிலும் பெரும்பாலும் இளம் பெண்கள் தைக்கிற நாட்டில், இளைஞர்கள் நேர்முகப் பரீட்சைக்குக் கோட் இரவல் வாங்குகிறார்கள்.

2022இல் சில மாதங்களுக்குள் டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனபோது, இறக்குமதித் துணியும் தோலும் கையெட்டாத உயரத்துக்குப் போயின. அந்த வருசம் நவம்பரில் சில ஆசிரியைகள் சேலைக்குப் பதிலாக இலகுவான உடையில் பாடசாலைக்குப் போனதும், அது நாடு முழுக்கச் சண்டையானதும் ஞாபகம் இருக்கும். பண்பாடு பற்றித்தான் எல்லாரும் கதைத்தார்கள். ஒரு சேலைக்கு என்ன விலை, அதைக் கழுவி மடிக்க எவ்வளவு நேரம் என்று கேட்டவர்கள் குறைவு.

அப்ப எதை வாங்குவது?

நிலைமை மாறும் வரைக்கும் காத்திருக்க ஏலாது. ஆகவே சில விசயங்கள்.

முதலில் சப்பாத்து. கறுப்பு, நூல் கட்டுகிற வகை, அலங்காரம் இல்லாதது. அதை எல்லா நிறக் களிசானோடும் போடலாம். றெக்சின் சப்பாத்து மடிகிற இடத்தில் வெடித்தால் திருத்த வழியில்லை. தோல் என்றால் மடிப்பு விழும், மெருகு பூசச் சரிவரும். அடியைப் பாருங்கோ: பசையால் மட்டும் ஒட்டினதா, தைத்ததா? தைத்த அடி தேய்ந்தால் தெருவோரச் சப்பாத்துத் தொழிலாளியிடம் கொடுத்து மாற்றலாம். தையல் போலக் கோடு மட்டும் அச்சடித்திருப்பார்கள், கவனம். தைத்த சப்பாத்துக்கு ஒருமுறை கூடக் குடுக்கிற காசு, மூன்று தரம் புதுச் சப்பாத்து வாங்குவதை மிச்சம் பிடிக்கும்.

கோட்டில் தோள்தான் எல்லாம். கையின் நீளம், இடுப்பு, களிசானின் கால் எல்லாம் ஊர்த் தையல்காரர் திருத்துவார். தோள் பொருந்தாவிட்டால் அதைத் திருத்துகிற கூலி புதுக்கோட்டின் விலைக்குக் கிட்ட வந்துவிடும். அதனால் பழைய கோட்டோ ஆலையில் மிஞ்சின கோட்டோ வாங்கினாலும் தோளைப் பார்த்து வாங்கி மற்றதைத் திருத்துங்கோ. மலிவுக் கோட்டுகளில் துணிக்குள் இருக்கிற உள்பட்டையைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். சூடான அழுத்தியும் ஈரமும் பட்டால் நெஞ்சுப் பக்கம் கொப்புளம் போல எழும்பும். அதை வீட்டில் தோய்க்கவேண்டாம். தூரிகையால் தட்டிக் காற்றில் தொங்கவிட்டால் போதும். எங்கள் வெக்கைக்குத் தடித்த பொலியெஸ்டர் சரிவராது. பாதி மட்டும் உட்துணி வைத்த மெல்லிய கம்பளி அல்லது கம்பளிக் கலப்பு நல்லது. நிறம் கடும் நீலம் அல்லது கடும் சாம்பல். கறுப்புக் கோட் எங்கள் நாட்டில் சட்டத்தரணியை ஞாபகப்படுத்தும்.

கோட்டுக்குக் காசு இல்லையென்றால் வெட்கப்படத் தேவையில்லை. நன்றாக அழுத்தின வெள்ளைச் சேட், அளவான களிசான், மினுங்கின சப்பாத்து, ஒரு ரை: இந்த நாலும் பெரும்பாலான இடங்களுக்குப் போதும். பொருந்தாத கோட்டைவிடக் கோட் இல்லாதது மேல்.

வாசிகசாலையில் ஒரு அலுமாரி

இதெல்லாம் தனித்தனியாக ஒவ்வொருவரும் செய்கிற சமாளிப்பு. ஆனால் எங்கள் ஊர்களுக்கு ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. ஒருவர் பத்திரிகை வாங்க வசதியில்லாத காலத்தில், சனசமூக நிலையத்து வாசிகசாலையில் ஒரு பத்திரிகையை ஊரே வாசித்தது. வருசத்தில் இரண்டு தரம் மட்டும் போடுகிற கோட்டை ஏன் ஒவ்வொரு வீடும் தனித்தனியாக வாங்கவேணும்? வெளிநாட்டில் இருந்து வருகிற உறவினர்கள் கொண்டுவந்து விட்டுப்போன கோட்டுகள், கலியாணத்துக்குப் பிறகு பெட்டிக்குள் கிடக்கிற கோட்டுகள், நல்ல சேலைகள் எத்தனை இருக்கும்? அளவு எழுதி, ஒரு பதிவுக் கொப்பி வைத்து, புத்தகம் இரவல் கொடுப்பது போலக் கொடுக்கலாம். ஒரு அலுமாரியும் ஒரு அழுத்தியும் போதும்.

வேலை கொடுக்கிறவர்களிடமும் ஒன்று கேட்கலாம். நேர்முகப் பரீட்சைக் கடிதத்தில் கொண்டுவரவேண்டிய சான்றிதழ்களின் பட்டியலுக்குக் கீழே, என்ன உடுப்பு போதும் என்று ஒரு வரி எழுதுங்கோ. கோட் தேவையில்லையென்றால் தேவையில்லை என்று போடுங்கோ. அந்த வரி இருந்தால், முல்லைத்தீவிலிருந்தோ பதுளையிலிருந்தோ இரவு பஸ் ஏறி வருகிற பிள்ளை, கடன்பட்டு ஒரு கோட் வாங்கவேண்டியதில்லை.