சிவப்புப் பை

1872ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே, ருஷ்யாவில் யாசென்கி புகையிரத நிலையத்தில், அன்னா பிரோகோவா என்னும் பெண் வண்டியின் கீழ் வீழ்ந்து மாண்டாள். காதலிற் கைவிடப்பட்ட அவள், கையில் ஒரு துணிமூட்டையுடன் வீட்டைவிட்டுப் புறப்பட்டிருந்தாள். அயலிலே வாழ்ந்த டால்ஸ்டாய் அவளுடைய சடலத்தை நேரிற் சென்று கண்டார். மறு ஆண்டில் அவர் எழுதத் தொடங்கிய ‘அன்னா கரேனினா’ என்னும் நாவலில் நாயகியின் வாழ்வும் அத்தகைய மரணத்திலேயே சென்று முடிகிறது.

நாவலின் தொடக்கத்தில், மாஸ்கோ நிலையத்திலே காவலாளி ஒருவன் வண்டியில் நசுங்கி இறக்கிறான். அது தீய சகுனம் என்று அன்னாவே கூறுகிறாள். ஆகவே வாசகர் அதனை மறப்பதில்லை. ஊர் திரும்பும் பயணத்தில் அவள் ஒரு சிறிய சிவப்புப் பையைத் திறந்து மூடுகிறாள். அதனை யார் நினைவிற் கொள்வர்?

முடிவில் அப்பை மீண்டும் வருகிறது. வண்டியின் கீழ் வீழ முனையும்போது, கையிலிருந்து அதனைக் கழற்றத் தாமதமாகிறது. குறித்த பெட்டி கடந்து செல்கிறது. அடுத்த பெட்டி வருமுன் அவள் சிலுவைக் குறி இடுகிறாள். பழகிய அச்செய்கையால் இளமை நினைவுகள் எழுகின்றன. வாழ்வு ஒரு கணம் தன் இன்பங்களெல்லாவற்றுடனும் அவள்முன் ஒளிர்கிறது. பின்னரே பையை எறிகிறாள்.

சகுனம் சாவை முன்னறிவித்தது. பையோ, சாவின் வாயிலிலும் அவளுக்கு ஒரு கணம் வாழ்வை ஈந்தது. அற்பமென்று நாம் கடந்துபோன பொருளே அவளை இறுதிவரை பற்றி நின்றது.