ஆவியின் எடை எவ்வளவு? ஒரு அரியலூர் கணக்கு

இன்னைக்குக் கேள்வி ரொம்பச் சின்னது. உயிர் போனா எடை குறையுமா?

1901-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் டங்கன் மெக்டூகல் என்ற டாக்டர் இதை நிஜமாகவே சோதித்தார். சாகும் தறுவாயில் இருந்த 6 பேரைக் கட்டிலோடு தராசில் ஏற்றினார். முதல் ஆளுக்கு முக்கால் அவுன்ஸ் குறைந்தது. அதான் நாம கேள்விப்பட்ட 21 கிராம். மற்ற ஐந்து பேருக்கும் அந்த எண் சரியாக வரவில்லை. 15 நாய்களையும் சோதித்தார், எடை குறையவே இல்லை. நாய்க்கு ஆன்மா கிடையாதுன்னு முடிவு பண்ணிட்டார். நாய் வளர்க்கிறவங்க கோபப்படாதீங்க, தப்பு தராசு மேலதான்.

அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, பௌத்தர்களின் தீக நிகாயத்தில் பாயாசி என்ற சிற்றரசன் வருகிறான். மறுமை இல்லை என்று நிரூபிக்க, ஒரு திருடனை உயிரோடு ஒருமுறை, கொன்ற பிறகு ஒருமுறை எடை போட்டதாகச் சொல்கிறான். செத்த பிறகு எடை கூடிவிட்டதாம்! ஒரு ரிப்போர்ட்ல மைனஸ், இன்னொன்னுல பிளஸ். எங்க டீம்ல இப்படி டெஸ்ட் ரிசல்ட் வந்தா ரிலீஸையே நிறுத்திடுவோம்.

சரி, அதே தராசைத் தூக்கிக்கிட்டு அரியலூர் போவோம்.

டைனோசர் காலத்தில் இன்றைய அரியலூர், பெரம்பலூரின் பெரும்பகுதி கடலுக்கு அடியில் இருந்தது. அங்கே வாழ்ந்து செத்த சிப்பிகளும் கிளிஞ்சல்களும் படிந்து படிந்து சுண்ணாம்புக்கல் ஆயின. இப்போ சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிராம் எடுத்து, சுமார் 900 டிகிரியில் சுடுங்க. மிஞ்சுவது 56 கிராம் சுண்ணாம்பு. மீதி 44 கிராம் கார்பன் டை ஆக்ஸைடாகப் பிரிந்து மேலே போய்விடும். உலகத்தில் எந்த லேபில் செய்தாலும் அதே 44. தராசில் ஏறிய ஒரே ஆவி இதுதான்!

இதுக்கு மறுபிறவியும் உண்டு. அந்தச் சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றிச் சுவரில் பூசினால், அது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடை மெல்ல இழுத்துத் திரும்பவும் சுண்ணாம்புக்கல் ஆகிவிடும். பாவ புண்ணியக் கணக்கு எதுவும் வேண்டாம், சுவர் ஈரமா இருந்தா போதும்.

நரகம்? அதுவும் இருக்கு. 'அந்நியன்' பார்த்த எல்லாருக்கும் கும்பிபாகம் தெரியும், எண்ணெய்க் கொப்பரை. சிமென்ட் சூளை சுமார் 1450 டிகிரி. எண்ணெய் அந்தச் சூட்டுக்குப் பக்கத்திலேயே வராது. சிமென்ட் ஆலை விடும் கார்பன் டை ஆக்ஸைடில் பாதிக்கு மேல் எரிபொருளில் இருந்து வருவதல்ல, கல்லுக்குள் இருந்தே வருவது. கடலில் செத்த சிப்பி, கோடி வருஷம் கழித்து நம்ம ஊர் வெயிலைக் கூட்டுது. பேய் பழிவாங்குவதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதே கடலில்தான் அம்மோனைட் என்ற சுருள் ஓட்டு உயிரியும் வாழ்ந்தது. நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அம்மோனைட் படிவத்துக்குப் பெயர் சாளக்கிராமம். அதற்குப் பூஜை உண்டு. அந்தத் தீர்த்தம் கொடுத்தால் போகிற உயிருக்கு நல்ல கதி என்று நம்பிக்கை. அதன் அரியலூர்ச் சொந்தக்காரன் சுரங்கத்தில் மாட்டினால் நேராக சூளைதான். ரெண்டும் செஞ்ச கர்மா ஒண்ணுதான், கடல்ல நீந்தினது. வித்தியாசம் செத்த இடத்தில்.

அப்போ செத்த பிறகும் 'இருக்கிறது' யார்? பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. வயது 12 கோடி ஆண்டு என்கிறது அங்குள்ள பலகை. கடலுக்குள் அடித்து வரப்பட்டு, அழுகும் முன்பே மண்ணில் புதைந்ததால் கல்லாகித் தப்பித்தது. 1940-ல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டுபிடித்தார். இன்று அதைச் சுற்றி ஒரு பூங்காவே இருக்கிறது.

அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த புருஹத்காயோசாரஸ் அவ்வளவு கொடுத்துவைக்கவில்லை. யாதகிரி, அய்யாசாமி என்ற இரு ஆய்வாளர்கள் 1980-களில் விவரித்த டைனோசர் அது. பூமியில் நடந்த மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம். ஆனால் எலும்புகள் உதிர்ந்து அழிந்துவிட்டன. மிஞ்சியது கோட்டுப்படங்களும் சில போட்டோக்களும்தான். அது எலும்பா, கல்மரமான்னே சிலர் சந்தேகப்பட்டாங்க! அவ்வளவு பெரிய உடம்பு, பேக்கப் எடுக்காததால் சந்தேகக் கேஸ் ஆகிவிட்டது.

என் கணக்கில் வருவது இதுதான். செத்த பிறகு என்ன ஆவோம் என்பதைத் தீர்மானிப்பது நாம் செய்த புண்ணியம் மட்டும் இல்லை. பின்னாடி வருகிறவர்கள் கவனமாக எடுத்து வைக்கிறார்களா என்பதும்தான். காசியில் செத்தால் மோட்சம் என்பார்கள். அரியலூர்ப் பக்கம் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கும் ஊரின் பெயர் என்ன தெரியுமா? வாரணவாசி. அங்கே போய்ச் சேர்ந்த அம்மோனைட்டுக்கு மோட்சம். சேராததெல்லாம் நம்ம அபார்ட்மென்ட் சுவரில் இருக்கிறது. இன்னைக்கு ராத்திரி ஆணி அடிக்கும்போது கொஞ்சம் மரியாதையா அடிங்க.