தவம் செய்யும் பூனையும் கணக்குப் பார்த்த எலியும்

பண்டைய உலகத்துப் பூனை என்று பேச்செடுத்தாலே எல்லோரும் எகிப்துக்குப் போய்விடுகிறார்கள். போவதற்குக் காரணமும் உண்டு. வீட்டுப் பூனை இறந்தால் எகிப்தியர் தம் புருவத்தை மழித்துக்கொள்வார்கள் என்றும், இறந்த பூனைகளைப் பதப்படுத்திப் புபாஸ்டிஸ் நகரில் அடக்கம் செய்வார்கள் என்றும் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்தார். கி.மு. முதலாம் நூற்றாண்டில் அங்கே போன தியோடோரஸ், பூனையொன்றைத் தவறுதலாகக் கொன்றுவிட்ட உரோமன் ஒருவனை, அரச அதிகாரிகள் தடுத்தும் கேளாமல் ஊர் திரண்டு கொன்றதைத் தாமே கண்டதாகச் சொல்கிறார். கிரேக்கமும் இலத்தீனும் கற்றவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுவைத்துப் படித்த பக்கங்கள் இவை. தென்னாசியாவில் பூனைக்குப் புபாஸ்டிஸ் போல ஒரு கோயில் நகரம் வாய்க்கவில்லை. இங்கே அது போய் உட்கார்ந்த இடம் துறவியின் பக்கத்தில்; அதுவும் ஏட்டுக்குள்ளே. அசையாமல் குந்தியிருக்கும் பூனையும் அசையாமல் அமர்ந்திருக்கும் தவசியும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தார்கள். மெய்யான ஒருமுகத்தையும் பொய்யான ஒருமுகத்தையும் எப்படிப் பிரித்தறிவது என்று கேட்கும் போதெல்லாம் நம் கற்றோர் பூனையை அழைத்தார்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம். அவர்களுக்குப் பூனை மேல் இருந்த ஈர்ப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இந்த வாதத்தை மொனராகலையிலிருந்து தொடங்குவதற்கு நியாயம் உண்டு. மயிலின் பெயரைத் தாங்கிய இந்த மாவட்டம் பழைய உறுகுணை நாட்டின் ஒரு பகுதி. மாளிகாவிலவில் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும், 11 மீற்றருக்கும் உயரமான சுண்ணாம்புக்கல் புத்தர் நிற்கிறார். வெல்லவாயவுக்குத் தெற்கே புதுருவகலவில் ஒரே பாறையில் ஏழு உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. கதிர்காமத்துக்கு அப்பால் யால வனத்திலுள்ள சிதுல்பவ்வ குகைகளில் தியானம் செய்த தேரர்களைப் பற்றி, 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்திலிருந்து எழுதிய புத்தகோசர் விசுத்திமார்க்கத்தில் பேசுகிறார். வனத்தில் வாழும் துறவியும் சேனை வெட்டிப் பயிரிடும் குடியானவனும் அடுத்தடுத்து வாழ்ந்த நாடு இது. குரக்கனும் பயறும் நெல்லும் களஞ்சியத்துக்கு வந்தால் எலி வரும். எலி வந்தால் பூனை வரும். அதே களஞ்சியத்தை நம்பித்தான் துறவியின் பிச்சைப் பாத்திரமும் வந்தது. காட்டிலும் பூனைக்குப் பஞ்சமில்லை. சிறுத்தையைச் சேர்த்து இலங்கையில் நான்கு காட்டுப் பூனையினங்கள் உண்டு. அவற்றுள் துருநிறப் புள்ளிகள் கொண்ட சிறு பூனை உலகின் மிகச் சிறிய பூனையினங்களுள் ஒன்று. பதுங்குவதையும் காத்திருப்பதையும் பாய்வதையும் இங்கே வாழ்ந்த துறவிகள் ஏட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை.

கி.மு. முதலாம் நூற்றாண்டில் மாத்தளை அலுவிகாரையில் எழுத்தில் ஏறியதாக மரபு சொல்லும் பாளித் திருமுறையில் பூனை இரண்டு முக்கியமான இடங்களில் வருகிறது. மஜ்ஜிம நிகாயத்தின் 50ஆவது சூத்திரத்தில், புத்தநெறியின் எதிரியான மாரன் தூண்டிவிட்ட இல்லறத்தார், தலை குனிந்து தியானத்தில் இருக்கும் பிக்குகளைக் கேலி செய்கிறார்கள்: கதவோரத்திலும் குப்பையோரத்திலும் எலிக்காகக் காத்திருக்கும் பூனையும் இப்படித்தான் தியானம் செய்கிறது என்கிறார்கள். கேலியின் கூர்மை அதன் உண்மையில் இருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். உள்ளே என்ன நடக்கிறது என்பதை வெளியே நிற்பவன் எப்படி அறிவான்? சம்யுத்த நிகாயத்தில் வரும் இன்னொரு பூனை, எலிக்குஞ்சுக்காகக் காத்திருந்து, மெல்லாமல் அவசரமாக விழுங்கிவிடுகிறது. உயிரோடு உள்ளே போன எலி அதன் குடலைக் கடித்துக் குதறுகிறது. புலனடக்கம் இல்லாமல் பிச்சைக்காக ஊருக்குள் போகும் பிக்குவின் கதியும் இதுவே என்று சூத்திரம் முடிகிறது. முன்னதில் பூனையைச் சொன்னவன் எதிரி. பின்னதில் பூனையைச் சொன்னவர் ஆசான். ஊரார் எறிந்த கல்லைத் துறவிகள் எடுத்து உரைகல்லாக வைத்துக்கொண்டார்கள்.

மிலிந்த பஞ்ஹாவில் இந்த உரைகல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மிலிந்தன் என்பவன் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் இந்தியாவின் வடமேற்கை ஆண்ட கிரேக்க மன்னன் மெனாந்தர். அவன் கேட்க, நாகசேனர் விடை சொல்வதாக அமைந்த இந்நூலின் கடைசிப் பகுதி உவமைகளாலானது. பட்டியலில் 105 உவமைகள் இருந்தாலும் விளக்கத்தோடு கிடைப்பவை 67 மட்டுமே. அவற்றுள் பூனையிடமிருந்து துறவி கற்கவேண்டிய குணங்கள் இரண்டு. குகைக்குள் போனாலும் பொந்துக்குள் போனாலும் மாடத்துக்குள் போனாலும் பூனை தேடுவது எலியை மட்டுமே. துறவியும் எங்கிருந்தாலும் தன் நோக்கத்தையே தேட வேண்டும். பூனை தன் இரையை அருகிலேயே தேடுகிறது. துறவியும் தன்னுள்ளேயே தோன்றி மறைவதைக் கவனிக்க வேண்டும். சீன மொழிபெயர்ப்பில் இந்த உவமைப் பகுதி இல்லை. அது பாளியில் மட்டுமே நிலைத்தது; பாளியைக் காத்தவர்களில் இலங்கைத் துறவிகள் முதன்மையானவர்கள். இந்நூலை 1890ஆம் ஆண்டிலும் 1894ஆம் ஆண்டிலும் இரு பாகங்களாக ஆங்கிலத்தில் தந்த ரைஸ் டேவிட்ஸ், இலங்கையில் சிவில் சேவை அதிகாரியாக இருந்தபோது பாளி கற்றவர். 9ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் அயர்லாந்துத் துறவியொருவர், பாங்குர் பான் என்னும் தம் வெள்ளைப் பூனை எலி பிடிப்பதையும் தாம் பொருள் தேடுவதையும் இணைவைத்து ஒரு கவிதை எழுதினார். மிலிந்த பஞ்ஹா அவர் கைக்கு எட்டியிருக்க வழியில்லை. ஏட்டின் முன் நெடுநேரம் உட்காருகிறவன், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வேட்டைக்காரனில் தன்னைக் காண்பதற்குக் கடல் கடந்த செல்வாக்கு எதுவும் தேவைப்படவில்லை.

உவமையின் மறுபக்கம் இருண்டது. மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் கங்கைக் கரையில் கைகளைத் தூக்கித் தவம் செய்யும் பூனையின் கதை வருகிறது. அதை நம்பி அண்டிய எலிகள் ஒவ்வொன்றாகக் காணாமற் போகின்றன. பூனை விரதம் பூண்ட பார்ப்பனனுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கலாகாது என்கிறது மனுநூல். பாளி ஜாதகக் கதைகளில் 128ஆவது கதைக்குப் பூனையின் பெயர். உரைநடையில் எலிகளை ஏமாற்றுவது நரி, பாட்டிலோ பழிக்கப்படுவது பூனை விரதம். பூனை வேடம் அவ்வளவு பழகிப்போயிருந்தது. இதைக் கல்லில் கொண்டுவந்தது மாமல்லபுரம். கங்கை இறங்கியதைக் காட்டுவதா, அருச்சுனன் தவத்தைக் காட்டுவதா என்று இன்றும் அறிஞர் வாதிடும் அந்தப் பெரும் பாறைச் சிற்பத்தில், மேலே கைகளை உயர்த்தி நிற்கும் தவசியை அப்படியே பார்த்துச் செய்ததுபோல, கீழே ஒரு பூனை பின்னங்கால்களில் நிற்கிறது. அதைச் சுற்றி எலிகள். அதுவும் 7ஆம் நூற்றாண்டு வேலை. பல்லவர் அவையில் அடைக்கலம் புகுந்திருந்த மானவர்மன் அவர்களுடைய படையுதவியோடு இலங்கை அரியணையைப் பிடித்ததும் அந்நூற்றாண்டின் இறுதியில்தான். கடலுக்கு அப்பாலும் இப்பாலும் சிற்பிகள் பாறையில் மகான்களை வடித்த அந்தக் காலத்தில், மகானைப் போலி செய்யும் பூனையையும் அதே பாறையில் வடிக்கும் துணிச்சல் மாமல்லபுரத்துச் சிற்பிக்கு இருந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும். காத்திருக்கும் உயிர் பூனை மட்டும்தானா? மஜ்ஜிம நிகாயத்தின் கேலியில் ஆந்தையும் நரியும் கழுதையும்கூட வருகின்றன. மனுநூல் பூனையோடு கொக்கையும் சேர்த்தே பழிக்கிறது. வள்ளுவரோ கூடாவொழுக்கம் என்றே ஓர் அதிகாரம் வைத்தும், போலித் தவசிக்குப் புலித்தோல் போர்த்த பசுவையும் புதரில் மறைந்த வேடனையும் சொன்னாரே தவிர, பூனையைத் தொடவில்லை. இவையெல்லாம் உண்மை. ஆனால் இவற்றுள் எதுவும் பூனையைப் போல இருபுறமும் வெட்டும் உவமையாக வளரவில்லை. கொக்கின் காத்திருப்பைக் காலமறிதலுக்கு நல்ல உவமையாக வள்ளுவர் எடுத்தாண்டார். அது அரசனுக்குச் சொன்னது, தவசிக்கு அல்ல. கொக்கு நீரோரத்தில் நிற்கிறது, நரி ஊருக்கு வெளியே ஊளையிடுகிறது. பூனை மட்டுமே மனிதரோடு ஒரே கூரையின்கீழ் படுத்து, அவர்கள் சோற்றின் மிச்சத்தைத் தின்று, அவர்கள் அமரும் இடத்தில் அமர்கிறது. சந்தேகத்துக்கும் நெருக்கம் வேண்டும். தூரத்தில் இருப்பவனைப் பகைவன் என்போம். பக்கத்தில் இருப்பவனைத்தான் வேடக்காரன் என்போம்.

சங்கப் பாடல்கள் இதையே எதிர்த்திசையிலிருந்து உறுதிசெய்கின்றன. குறுந்தொகையின் 107ஆம் பாட்டில், விடியலில் கூவித் தன்னை எழுப்பிவிட்ட சேவலை வெருகு என்னும் காட்டுப் பூனையின் குட்டிக்கு இரையாகப் போ என்று ஒருத்தி சபிக்கிறாள். 139ஆம் பாட்டில், மாலையில் வேலியோரம் வந்த வெருகுகளைக் கண்டு பெட்டைக் கோழி தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. இந்த வெருகு களவாடும், கொல்லும். ஆனால் வேடம் போடாது. வேலிக்கு வெளியே இருக்கும் விலங்குக்குத் தவம் செய்துகாட்ட வேண்டிய தேவை இல்லை. இந்தக் காட்டுப் பூனையும் தவ வேடம் போடும் உருத்திராட்சப் பூனையும் வேறு வேறு விலங்குகள், இரண்டையும் ஒரே வரலாற்றில் கோக்கலாமா என்று ஒருவர் கேட்கலாம். கோக்கலாம், ஏனெனில் வேறுபாடே இங்கே சான்றாகிறது. பூனை வேலியைத் தாண்டி வீட்டுக்குள் வந்த பிறகுதான் அதன் அமைதி ஐயத்துக்கு உள்ளாயிற்று. ‘இந்தப் பூனையும் பால் குடிக்குமா’ என்று இன்றும் ஊவாவின் தோட்ட லயத்திலும் யாழ்ப்பாணத்து முற்றத்திலும் கேட்பது வீட்டுப் பூனையைப் பற்றியே. காட்டுப் பூனையைப் பற்றி அப்படி யாரும் வியப்பதில்லை.

இவ்வளவு சுற்றிவளைப்பானேன், ஏடுகளை எலியிடமிருந்து காத்ததால்தான் கற்றோருக்குப் பூனை பிடித்தது என்று எளிதாக முடித்துவிடலாமே என்பது இன்னொரு மறுப்பு. கேட்க நன்றாக இருக்கிறது, சான்றுதான் இடம்கொடுக்கவில்லை. ஓலைச்சுவடிக்கு எலியும் பகைதான் என்றாலும், இந்த ஈர வெப்பத்தில் கறையானும் பூச்சியும் பூஞ்சணமும் செய்யும் நாசம் பெரிது. அதனால்தான் ஓலைக்கு எண்ணெய் பூசினார்கள், துணியில் சுற்றினார்கள், பழுதானதைத் திரும்பப் படியெடுத்தார்கள். இதுவரை பார்த்த நூல்களில் ஒன்றுகூடப் பூனையை ஏட்டின் காவலாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாமே அதன் நடையையும் இருப்பையும் பசியையுமே பார்க்கின்றன. பயன் கருதி வளர்த்த விலங்கு கணக்குப் புத்தகத்தில் இடம்பெறும்; உவமையில் இடம்பெற வேறு காரணம் வேண்டும்.

அந்தக் காரணம் தமிழில் இரண்டு உயர்ந்த இடங்களில் வெளிப்படுகிறது. இராமகாதையைத் தொடங்கும் கம்பர், அவையடக்கத்தில் தம்மைப் பாற்கடலை முழுவதும் நக்கிக் குடித்துவிடப் புகுந்த பூனைக்கு ஒப்பிடுகிறார். பசியை மறைத்துத் தவம் காட்டிய மாமல்லபுரத்துப் பூனைக்கு இது நேர் எதிர். இந்தப் பூனை ஆசையை ஒப்புக்கொள்கிறது; தன் நாக்கு சிறியது, கடல் பெரியது என்றும் அறிந்திருக்கிறது. கற்றவன் அவையின்முன் எடுக்கத்தக்க நேர்மையான வடிவம் அது. அடுத்தது வைணவ மரபில். பிள்ளை லோகாசாரியர் வழிவந்த தென்கலையாரின் கொள்கையை மார்ச்சார நியாயம் என்றும், வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலையாரின் கொள்கையை மர்க்கட நியாயம் என்றும் பின்வந்தோர் குறித்தனர். குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக் குட்டி சும்மா கிடந்தால் போதும், தாய் வாயால் கௌவிக்கொண்டு போகும். கடவுளின் அருளுக்கே பூனை உவமையாகிவிட்டது. எலியைக் கொல்லும் அதே பல்தான் குட்டியைச் சுமக்கிறது. பல்லைப் பார்த்துக் கொலையா, காப்பா என்று சொல்ல முடியாது. பாளிச் சூத்திரத்தில் தொடங்கிய கேள்வி இங்கேயும் மாறவில்லை: வெளித்தோற்றம் எதற்கும் சாட்சி ஆகாது.

அப்படியானால் எதுதான் சாட்சி? இதற்கு விடை சொன்னது பூனை அல்ல, எலி. மகாபாரதக் கதையில் சந்தேகப்படும் எலி, பூனையின் பார்வையையோ தோரணையையோ பற்றி விவாதிக்கவில்லை. நம் எண்ணிக்கை குறைகிறது, அதன் உடல் பெருக்கிறது, கிழங்கும் கனியும் தின்பவரின் மலத்தில் மயிர் இருக்காது என்று மூன்று சான்றுகளை அடுக்குகிறது. ஜாதகக் கதையில் கூட்டம் குறைவதைக் கண்டு, வரிசையின் கடைசியில் வந்து உண்மையைப் பிடிக்கும் எலித்தலைவனோ போதிசத்துவரேதான். இந்த நூல்களை எழுதிக் காத்தவர்கள் தங்களை இரண்டு இடத்திலும் வைத்துப் பார்த்தார்கள்: ஒருமுகத்தோடு உட்கார்ந்திருக்கும்போது பூனையாக, மற்றவரின் ஒருமுகத்தை ஆராயும்போது எலியாக. எகிப்தியர் பூனையை வணங்கியதால் அதைப் பற்றிய கேள்வி அங்கே முடிந்துபோயிற்று. இங்கே வணங்கவில்லை, அதனால் கேள்வி உயிரோடு இருந்து, துறவியையும் புலவனையும் ஆசாரியனையும் மாறிமாறிச் சோதித்தது. தவசி கண்ணை மூடியிருக்கிறாரா என்று பார்ப்பதை விட்டு, அவரைச் சுற்றி இருந்தவர்களில் எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னது அந்த மரபு. ஆட்களை எடைபோட அதைவிட நம்பகமான முறை இன்னும் வரவில்லை.